ரிமோட் வேலைத் தளங்கள்: அனுபவமில்லாத ஃபிரண்ட்-எண்ட் ஆட்களுக்கு எது தேறும்?

ரிமோட் வேலைக்கென்றே நடத்தப்படும் தளங்கள்தான் ஒரு ஃபிரெஷருக்கு ஆகக் குறைந்த பலன் தருபவை. வீ வொர்க் ரிமோட்லியின் ஃபிரண்ட்-எண்ட் (இணையத் தளத்தில் பயனர் கண்ணால் பார்க்கும் பகுதியைக் கட்டும் வேலை) பிரிவைத் திறந்து மேலிருந்து பத்து விளம்பரங்களைப் படித்தாலே விஷயம் விளங்கிவிடும். பாதிக்கு மேல் தலைப்பிலேயே 'சீனியர்' இருக்கும். ஒரு விளம்பரத்துக்கு 300 டாலர் அளவில் கட்டிப் போடுகிற நிறுவனம், கைபிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆளைத் தேடி அங்கே வருவதில்லை. ரிமோட் ஓகேவும் கிட்டத்தட்ட இதே கதைதான். சம்பளம் வெளிப்படையாகத் தெரிகிறது என்பது மட்டும் கூடுதல் வசதி.

ஃபிரெஷர் என்று இங்கே சொல்வது யாரை? ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் தெரியும், ரியாக்டில் ஓரிரண்டு ப்ராஜெக்ட் முடித்திருக்கிறார், ஆனால் சம்பளம் வாங்கி வேலை செய்ததில்லை. அப்படிப்பட்டவர் இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு அனுப்பும் விண்ணப்பத்தை எதிர்ப்பக்கம் ஒரு மனிதர் திறந்து பார்ப்பாரா? தளங்களை இங்கே எடைபோட்டிருப்பது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

ரிமோட் என்றால் எங்கிருந்தும் அல்ல

எந்தத் தளத்தில் விளம்பரத்தைத் திறந்தாலும் முதலில் தேட வேண்டியது சம்பளத்தை அல்ல, இடத்தை. 'ரிமோட், யுஎஸ் ஒன்லி' என்று போட்டிருந்தால் அத்தோடு மூடிவிடலாம். "கேட்டுப் பார்ப்போமே" என்று அனுப்புவதில் பயன் இல்லை, காரணம் அது ஆட்களைப் பற்றிய விருப்பு வெறுப்பு அல்ல, சம்பளப் பட்டியல் சிக்கல். வேறு நாட்டில் ஒருவரை ஊழியராக வைக்க அந்த நாட்டில் நிறுவனம் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது டீல் போன்ற இடைநிலை நிறுவனம் வழியாக வைக்க வேண்டும். அந்தச் சேவையின் விலை ஆளுக்கு மாதம் 599 டாலர் அளவில் தொடங்குகிறது. சீனியருக்கு மாதம் 6,000 டாலர் கொடுக்கிற இடத்தில் அது பொருட்டில்லை. 800 டாலருக்கு எடுக்க நினைக்கும் ஜூனியருக்கு அதே தொகை என்றால் கணக்கு உதைக்கும். அதனால்தான் இந்தியாவிலிருந்து எடுக்கப்படும் ஜூனியர்கள் பெரும்பாலும் ஊழியராக அல்ல, ஒப்பந்தக்காரராகவே சேர்கிறார்கள். விளம்பரத்தில் 'கான்ட்ராக்டர்' என்ற சொல் இருந்தால் அதைக் குறையாக நினைக்க வேண்டாம், கதவு திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நேரம். ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. லண்டனில் 9 மணி என்றால் 1.30 அல்லது 2.30. நியூயார்க்கின் 9 மணி நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. கலிஃபோர்னியாவின் 9 மணி இரவு 9.30 அல்லது 10.30. 'நான்கு மணிநேர ஓவர்லேப் வேண்டும்', அதாவது இரு தரப்பும் ஒரே சமயத்தில் வேலையில் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நிறுவனம் கேட்டால் மாலைக்குள் முடிந்துவிடும், கலிஃபோர்னியா நிறுவனம் கேட்டால் நள்ளிரவைத் தாண்டிவிடும். சந்தேகம் கேட்க ஆள் விழித்திருக்கும் நேரம் ஜூனியருக்கு ரொம்ப முக்கியம். எனவே முதல் வேலைக்கு ஐரோப்பாவை முதலில் அலசுவது நல்லது.

லிங்க்ட்இன்

விளம்பரங்கள் குவிந்து கிடக்கும் இடம், விண்ணப்பங்கள் குப்பைக்குப் போகும் இடமும் அதுதான். 'ஈஸி அப்ளை' பொத்தான்தான் இரண்டுக்கும் காரணம். விண்ணப்பிக்க அரை நிமிடம் போதும் என்பதால் எல்லோரும் அழுத்துகிறார்கள். மறுநாள் ஆள் எடுப்பவர் திறக்கும்போது நூற்றுக்கணக்கில் வந்து கிடக்கும்.

இதைச் சமாளிக்க ஒரே வழி சீக்கிரம் போய்ச் சேர்வது. வேலைகள் பக்கத்தில் 'ரிமோட்', 'என்ட்ரி லெவல்', 'பாஸ்ட் 24 ஹவர்ஸ்' மூன்றையும் தேர்ந்தெடுத்தால் பிரவுசர் முகவரிப் பட்டையில் 86400 என்ற எண் தெரியும். ஒரு நாளில் அத்தனை வினாடிகள். அந்த எண்ணை மட்டும் 3600 என மாற்றி என்டர் தட்டினால் கடைசி ஒரு மணிநேரத்தில் வந்தவை மட்டும் நிற்கும். இந்த முகவரியை புக்மார்க் செய்துகொண்டு காலையில் ஒரு முறை, ஐரோப்பாவில் வேலை நேரம் தொடங்கிய பின் பிற்பகலில் ஒரு முறை பார்த்தால் போதும். நாள் முழுக்க ஸ்க்ரோல் செய்யத் தேவையில்லை. இடம் என்ற பெட்டியில் 'இந்தியா' என்று போட்டு ரிமோட் தேர்ந்தெடுத்தால் இந்தியாவில் இருப்பவரை எடுக்கும் வேலைகள் வரும். அங்கே அமெரிக்கா என்று போட்டுவிட்டு, பதில் வரவில்லையே என்று வருந்துபவர்கள் நிறையப் பேர்.

'ரீபோஸ்டட்' என்று இருந்தால் அது பழைய விளம்பரம்தான், தேதி மட்டும் புதுசு. விண்ணப்பித்தவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போகும் விளம்பரங்களில் அந்த எண், பொத்தானை அழுத்தியவர்களைத்தான் காட்டுகிறது. பாதி வழியில் படிவத்தைப் பார்த்துத் திரும்பியவர்களும் அதில் சேர்த்தி. நீளமான படிவம் கேட்கும் வேலைகளில் போட்டி உண்மையில் குறைவு. அலுத்துக்கொள்ளாமல் அதை நிரப்புவதே லாபம்.

லிங்க்ட்இனின் பிரீமியம் சந்தா கட்ட வேண்டுமா? முதல் வேலைக்குத் தேவையே இல்லை. அந்தப் பணத்தில் சொந்தப் பெயரில் ஒரு டொமைன் வாங்கலாம்.

இன்டர்ன்ஷாலா, நாக்ரி

இன்டர்ன்ஷாலாவில் 'வொர்க் ஃபிரம் ஹோம்' வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறது, ஸ்டைபெண்ட் (பயிற்சிக் கால உதவித்தொகை) முகப்பிலேயே தெரிகிறது, அனுபவம் கேட்கும் விளம்பரம் அபூர்வம். இந்த மூன்றும் வேறெங்கும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. ஆனால் கொடுக்கிற தொகையும் அதற்கேற்ற மாதிரி குறைவுதான். மூன்று மாத வேலைக்கு எடுத்துவிட்டு, ஒரு முழு இ-காமர்ஸ் தளத்தையே கட்டித் தரச் சொல்கிற இடங்களும் உண்டு. விளம்பரத்தின் பொறுப்புகள் பகுதியில் ஃபிரண்ட்-எண்ட், பேக்-எண்ட் (சர்வர் பக்க வேலை), ஆப், எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவருவது) நான்கும் இருந்தால் அங்கே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லை என்று அர்த்தம். 'உங்களை ஏன் எடுக்க வேண்டும்' என்ற கேள்விக்குப் பலர் சாட்ஜிபிடி எழுதிய ஒரே பத்தியை ஒட்டுகிறார்கள். அந்த இடத்தில் இரண்டு லைவ் லிங்க் (நீங்கள் கட்டி இணையத்தில் ஓடும் தளத்தின் முகவரி), ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் போட்டால் போதும்.

இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் சான்றிதழுக்குப் பணம் கேட்கும் கூட்டம் தனியாக இயங்குகிறது. லிங்க்ட்இனில் 'ஆஃபர் லெட்டர் கிடைத்தது' என்று ஒரே நாளில் ஆயிரம் பேர் போடும் பதிவுகள் பெரும்பாலும் அதுதான். டூ-டூ லிஸ்ட், கால்குலேட்டர், லேண்டிங் பேஜ் என மூன்று டாஸ்க் கொடுப்பார்கள். எழுதிய நிரலை யாரும் பார்ப்பதில்லை. ஆள் எடுப்பவர்களுக்கும் இந்தப் பெயர்கள் அத்துப்படி, ரெஸ்யூமேயில் போட்டால் பலன் இல்லை.

நாக்ரி சென்னை, கோவை அலுவலக வேலைகளுக்குச் சரி. ரிமோட் என்று வடிகட்டினால் வருபவற்றில் பல, நேர்காணலில் 'வாரம் மூன்று நாள் ஆபீஸ்' என்று மாறிவிடும். அதை முதல் அழைப்பிலேயே கேட்டுத் தீர்த்துக்கொள்வது நல்லது.

வெல்ஃபவுண்ட், ஹேக்கர் நியூஸ்

2022 வரை ஏஞ்சல்லிஸ்ட் டேலண்ட் என்று இருந்ததுதான் இன்றைய வெல்ஃபவுண்ட். ஸ்டார்ட்அப்கள் மட்டும். இதன் நல்ல குணம், ஒவ்வொரு வேலையிலும் எந்தெந்த நாட்டிலிருந்து ஆள் எடுப்பார்கள் என்பது தனியாக எழுதப்பட்டிருப்பது. சம்பள வரம்பும் பெரும்பாலும் இருக்கும். விண்ணப்பத்தோடு அனுப்பும் குறிப்பைச் சிறிய நிறுவனங்களில் நிறுவனரே படிக்கிறார். கெட்ட குணம், செத்துப்போன விளம்பரங்கள். நிறுவனத்தின் தளத்தைத் திறந்து பார்த்து, கடைசியாக எப்போது எதையாவது வெளியிட்டார்கள் என்று சோதித்துவிட்டு எழுதுங்கள்.

ஹேக்கர் நியூஸைப் பலர் செய்தித் தளமாக மட்டும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் 'ஹூ இஸ் ஹயரிங்' என்ற இழை அங்கே திறக்கும். நிறுவனம், வேலை, ஊர், ரிமோட்டா இல்லையா என்று முதல் வரியிலேயே செங்குத்துக் கோடு போட்டுப் பிரித்து எழுதியிருப்பார்கள். பக்கத்தில் தேடலைத் திறந்து 'ஜூனியர்', 'இன்டர்ன்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு சில வரும். அவ்வளவுதான், ஆனால் அந்த ஒரு சிலவற்றில் மனிதர் ஒருவரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். படிவமும் வடிகட்டும் மென்பொருளும் நடுவில் இல்லை. அதே நாளில் திறக்கும் 'ஹூ வான்ட்ஸ் டு பி ஹயர்ட்' இழையில் உங்கள் ஊர், ரிமோட் விருப்பம், தெரிந்த தொழில்நுட்பங்கள், ரெஸ்யூமே இணைப்பு, மின்னஞ்சல் ஆகியவற்றைப் போட்டு வைக்கலாம். செலவு கிடையாது, பத்து நிமிட வேலை.

அப்வொர்க்

அப்வொர்க், சின்னச் சின்ன ஒப்பந்த வேலைகளுக்கான ஃபிரீலான்ஸ் தளம். எல்லாக் குறைகளோடும், அனுபவமில்லாத ஒருவர் வெளிநாட்டுப் பணத்தை முதன்முதலாகப் பார்க்கக்கூடிய இடம் இதுதான். காரணம் எளிது: இங்கே கேட்கப்படுவது ஆள் அல்ல, ஒரு சின்ன வேலை. 'மொபைலில் மெனு உடைகிறது, சரி செய்து கொடு' என்பவருக்கு உங்கள் பட்டமோ வருட அனுபவமோ தேவையில்லை.

விண்ணப்பிக்கவே பணம் கேட்கும் தளம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கனெக்ட் என்ற டோக்கன் ஒன்று 15 சென்ட். ஒரு வேலைக்கு 10 கனெக்ட் என்றால் ஒன்றரை டாலர். இருபது வேலைக்கு அனுப்பினால் 30 டாலர், நம் பணத்தில் இரண்டரை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். பதில் வராவிட்டாலும் திரும்பி வராது. மேலே காட்டப்பட 'பூஸ்ட்' என்று கூடுதல் கனெக்ட் ஏலம் கேட்கும் வசதியும் இருக்கிறது, புதியவர் அதைத் தொடவே வேண்டாம். கிடைக்கும் தொகையில் தளத்தின் பங்கு 2023 முதல் 10 சதவீதமாக இருந்தது. 2025 மே முதல் ஒப்பந்தத்தைப் பொறுத்து 0 முதல் 15 சதவீதம் வரை மாறுகிறது. விண்ணப்பிக்கும் முன்பே திரையில் தெரியும்.

எனவே விளம்பரத்தைப் படிக்கத் தெரிவதுதான் பாதித் திறமை. இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ஃபிக்மா (வடிவமைப்பு மென்பொருள்) டிசைனை ரியாக்ட் பக்கமாக மாற்ற வேண்டும், 150 டாலர், நிலையான விலை. கீழே ப்ரபோசல் (வந்த விண்ணப்பங்கள்) 20 முதல் 50, இன்டர்வியூவில் 4 பேர், கிளையன்ட் கடைசியாகப் பார்த்தது இரண்டு வாரத்துக்கு முன். வலப்பக்கம் பேமென்ட் வெரிஃபைட் (பணம் கட்டும் வழி சரிபார்க்கப்பட்டது), இதுவரை போட்ட வேலைகள் 15, ஹயர் ரேட் 20 சதவீதம். பார்க்க நன்றாக இருக்கும் இந்த விளம்பரம் உண்மையில் செத்தது. நாலு பேரிடம் பேசிவிட்டார், இரண்டு வாரமாகத் திரும்பியே பார்க்கவில்லை, பதினைந்து போட்டு மூன்றுக்குத்தான் ஆள் எடுத்திருக்கிறார். இதையே ஒரு மணிநேரத்துக்கு முன் போட்டு, ப்ரபோசல் ஐந்துக்குக் கீழ், ஹயர் ரேட் 70 சதவீதம் என்றிருந்தால் 40 டாலர் வேலையாக இருந்தாலும் அனுப்பலாம். பேமென்ட் வெரிஃபைட் இல்லாதவருக்கு அனுப்பவே வேண்டாம்.

ப்ரபோசலில் கிளையன்ட் பட்டியலில் பார்ப்பது முதல் இரண்டு வரிகள் மட்டுமே. அதை 'டியர் சார், ஐ ஆம் எ பேஷனேட் டெவலப்பர்' என்று வீணடிக்கிறார்கள். அவருடைய தள முகவரி விளம்பரத்தில் இருந்தால் குரோமில் திறந்து, டெவ்டூல்ஸில் (பிரவுசரிலேயே இருக்கும் சோதனைக் கருவி) 375 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். பக்கம் பக்கவாட்டில் நகர்கிறதா? பெரும்பாலும் நிலையான அகலம் கொடுத்த ஒரு பெட்டியோ, ஃபிளெக்ஸுக்குள் மின்-விட்த் (min-width) பூஜ்யம் வைக்க மறந்த நீளமான எழுத்தோதான் காரணம். ஐஃபோனில் முதல் திரையின் அடிப்பாகம் மறைகிறதா? உயரத்தை 100 விஹெச் (vh) என்று வைத்திருப்பார்கள், டிவிஹெச் (dvh) ஆக்கினால் சரியாகும். பக்கம் திறக்கும்போது எழுத்து கீழே குதிக்கிறதா? படங்களுக்கு அகல உயரம் குறிப்பிடவில்லை. இப்படிக் கண்ட ஒன்றை, காரணத்தோடும் எவ்வளவு நேரமாகும் என்பதோடும் முதல் வரியில் எழுதினால் அந்த ப்ரபோசல் தனியாகத் தெரியும். பேஜ்ஸ்பீட், அதாவது பக்கத்தின் வேகத்தைக் கூட்டும் வேலைகளும் இதே வகை. எல்சிபி (திரையின் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 வினாடிக்குள், ஐஎன்பி (அழுத்தினால் பக்கம் பதில் தர ஆகும் நேரம்) 200 மில்லிவினாடிக்குள், சிஎல்எஸ் (பக்கம் குதிக்கும் அளவு) 0.1-க்குள் என்ற எல்லைகள் தெரிந்தால் போதும். முகப்புப் பெரிய படத்துக்கு லேஸி லோடிங் (தாமதமாக ஏற்றுவது) போட்டு வைத்து, எல்சிபியைத் தாங்களே கெடுத்துக்கொண்ட தளங்கள் எக்கச்சக்கம்.

பணம் வரும் விதத்தில் இரண்டு வகை. மணிநேர ஒப்பந்தத்தில் டைம் டிராக்கர் ஆப் ஒவ்வொரு பத்து நிமிடத் துண்டுக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும். அதை ஓடவிட்டு, என்ன வேலை என்று குறிப்பெழுதினால்தான் பணப் பாதுகாப்பு. கையால் நேரம் பதிந்தால் கிடையாது. வாரம் ஞாயிறு நள்ளிரவு யுடிசியில், அதாவது நமக்குத் திங்கள் காலை 5.30-க்கு மூடும், பணம் அதற்கடுத்த வாரப் புதன்கிழமை கைக்கு வரும். நிலையான விலையில், மைல்ஸ்டோன் (வேலையின் ஒரு கட்டம்) தொகை எஸ்க்ரோவில் (தளம் பிடித்து வைக்கும் கணக்கில்) ஏறியதைப் பார்க்காமல் ஒரு வரிகூட அடிக்காதீர்கள். ஒப்படைத்த பின் கிளையன்ட் வாய் திறக்காவிட்டால் 14 நாளில் தானாக விடுவிக்கப்படும், அதன்பின் ஐந்து நாள் காத்திருப்பு.

இன்னொரு ஃபிரீலான்ஸ் தளமான ஃபைவர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள், பணம் 14 நாள் நிற்கும், புதிய கிக் (நீங்கள் போடும் சேவை விளம்பரம்) தேடலில் எங்கோ அடியில் கிடக்கும். டாப்டால் மாதிரி வடிகட்டித் தேர்வு வைக்கும் தளங்களுக்கு இப்போதைக்குப் போக வேண்டாம்.

லிங்க் திறக்காவிட்டால் எல்லாம் வீண்

எந்தத் தளம் வழியாகப் போனாலும் கடைசியில் அவர்கள் அழுத்துவது உங்கள் லைவ் லிங்க்கைத்தான். அது சொதப்பும் இடங்கள் பெரும்பாலும் இந்த மூன்று.

பேக்-எண்டை ரெண்டர் என்ற ஹோஸ்டிங் சேவையின் இலவசத் திட்டத்தில் வைப்பது. 15 நிமிடம் யாரும் வராவிட்டால் அது தூங்கிவிடும், எழுந்திருக்க ஒரு நிமிடம் வரை ஆகும். ஆள் எடுப்பவர் அவ்வளவு நேரம் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார். ஃபிரண்ட்-எண்டைக் காட்டத்தான் ப்ராஜெக்ட் என்றால், தரவை ஒரு ஜேசன் கோப்பாக உள்ளேயே வைத்து நெட்லிஃபையிலோ வெர்செலிலோ ஏற்றிவிடலாம்.

அடுத்தது, ரியாக்ட் ரூட்டர் (பக்கங்களை பிரவுசரிலேயே மாற்றும் நிரல்) போட்ட தளத்தை கிட்ஹப் பேஜஸில் ஏற்றுவது. முகப்பு திறக்கும், உள்பக்கத்தில் ரீஃப்ரெஷ் அடித்தால் 404. சர்வரில் அந்தப் பெயரில் கோப்பே இல்லை என்பதுதான் காரணம். ஹாஷ் ரூட்டருக்கு மாறலாம், அல்லது இன்டெக்ஸ் கோப்பையே 404 என்ற பெயரில் இன்னொரு பிரதியாக வைக்கலாம்.

கடைசியாக, கோப்புப் பெயரின் பெரிய சின்ன எழுத்து. விண்டோஸில் வித்தியாசம் தெரியாமல் ஓடும், லினக்ஸில் பில்ட் ஆகும்போது 'கோப்பு இல்லை' என்று விழும்.

டெஸ்ட் டாஸ்க் என்ற பெயரில் வரும் வைரஸ்

2023 முதல் வெளிச்சத்துக்கு வந்த ஒரு மோசடி, வட கொரியக் குழுக்களோடு இணைத்துப் பேசப்படுவது, டெவலப்பர்களையே குறிவைக்கிறது. லிங்க்ட்இனில் ரெக்ரூட்டர் ஒருவர் வருவார், கிட்ஹப்பிலோ பிட்பக்கெட்டிலோ ஒரு ரெப்போ (நிரல் கோப்புகளின் தொகுப்பு) கொடுத்து "ஓட்டிப் பார்த்து பக் சொல்லுங்கள்" என்பார். என்பிஎம் இன்ஸ்டால் (தேவையான பேக்கேஜ்களை இறக்கும் கட்டளை) அடித்த நொடியிலோ ப்ராஜெக்ட்டை ஓடவிட்டதுமோ பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் கிரிப்டோ வாலட்டும் பறிபோகும். ரெப்போவை முதலில் பிரவுசரிலேயே படியுங்கள். பேக்கேஜ் ஜேசனில் 'போஸ்ட்இன்ஸ்டால்', 'ப்ரிபேர்' என்று தானாக ஓடும் கட்டளை ஏதாவது இருக்கிறதா, ஒரு வரி மட்டும் திரையைத் தாண்டி வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். தீங்கான நிரலை நூற்றுக்கணக்கான வெற்றிடங்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பது இவர்கள் வழக்கம். ஓட்டியே ஆக வேண்டுமென்றால் கிட்ஹப் கோட்ஸ்பேசஸில் (இணையத்திலேயே ஓடும் தனிக் கணினி) ஓட்டுங்கள், சொந்த லேப்டாப்பில் வேண்டாம். விஎஸ் கோட் 'இந்தக் கோப்புறையை நம்புகிறீர்களா' என்று கேட்டால் இல்லை என்றே சொல்லுங்கள்.

லேப்டாப் அனுப்ப டெபாசிட், டெலிகிராமில் பேசி முடிப்பது, உங்கள் அப்வொர்க் அல்லது லிங்க்ட்இன் கணக்கை மாத வாடகைக்குக் கேட்பது, இவை எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். கணக்கை வாடகைக்கு விட்டால் தடை நிரந்தரம், அதில் நடக்கும் மோசடி உங்கள் பெயரில். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ஒப்பந்தக்காரராகச் சேர்ந்தால் பிஎஃப் கிடையாது, வரியை நீங்களே கட்ட வேண்டும். அமெரிக்க நிறுவனங்களும் அப்வொர்க்கும் டபிள்யூ-8பென் படிவம் கேட்கும், அங்கே வரி பிடிக்காமலிருக்கத்தான் அது, தயங்காமல் நிரப்பலாம். வங்கி பர்ப்பஸ் கோட் (பணம் எதற்காக வருகிறது என்பதன் குறியீடு) கேட்டால் மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. ஒவ்வொரு வரவுக்கும் கிடைக்கும் அந்நியப் பணவரவுச் சான்றை முதல் 40 டாலரிலிருந்தே சேமித்து வையுங்கள். வருமான வரி தாக்கலின்போதும், ஜிஎஸ்டி பதிவு செய்ய நேர்ந்தால் ஏற்றுமதிச் சேவை என்று காட்டவும் ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.